யாரும் உட்காராத கொட்டகை

போன வாரம் டிராம் இலாகாவிலிருந்து, அங்கே எழுத்து வேலை பார்க்கிற ஓர் இளம் கிராணி கெலுகோரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பைல். டிராம் போய் டிராலி பஸ் வந்துவிட்டதால், ஜனங்கள் வண்டிக்குக் காத்திருக்கிற பழைய டிராம் கொட்டகைகளில் எதை பஸ்ஸுக்கு வைத்துக்கொள்வது, எதை இடித்துத் தள்ளுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். மற்றக் கொட்டகைகளைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. தாத்தோ கிராமாட் சாலையில் உள்ள ஒன்றுதான் புதிய துரையைத் திகைக்க வைத்திருக்கிறது. வாசலில் சிவப்பு விளக்குக் கூண்டுகள், கூரை ஓரத்தில் மரப் பூவேலை, உள்ளே சுவர் முழுக்கச் சாக்குக்கட்டிச் சித்திரம், ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிற கூட்டம். "இது பஸ் நிற்கிற இடமா, கல்யாண வீடா? இதற்கெல்லாம் யார் ஆர்டர் கொடுத்தது?" என்று கேட்டாராம்.

"பைல்ல ஆர்டர் ஒண்ணும் இல்லீங்கய்யா. அப்ப மண்டோரா இருந்தது நீங்கதான்னு சொன்னாங்க. ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்லா" என்றார் கிராணி.

ஒரு வரி! முப்பது வருஷ வேலையில் நான் பட்ட பாட்டில் பாதியை அந்த ஒரு கொட்டகையில்தான் பட்டேன். காப்பி கொடுத்து அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் பைலில் வைக்கிற மாதிரி இல்லை. அதனால்தான் உங்களிடம் கொடுக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. தண்டவாளத்தின் பள்ளத்தில் சேருகிற மண்ணைக் கம்பியால் சுரண்டுகிற வேலையில் ஆரம்பித்தேன். குனிந்தே நாலு வருஷம் போயிற்று. பிறகு பெயிண்ட் வாளியைக் கையில் கொடுத்தார்கள். டிராம் நிற்கிற கம்பங்களுக்குப் பட்டை அடிக்க வேண்டும். சிவப்புப் பட்டை என்றால் எல்லா வண்டியும் அங்கே நிற்கும். வெள்ளைப் பட்டை என்றால் கை காட்டினால்தான் நிற்கும். அளவுகோல் இல்லாமல் கம்பத்தைச் சுற்றி நேராகப் பட்டை போடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்குத்தான் பின்னால் பூசை கிடைத்தது. கம்பத்துக்கும் கொட்டகைக்கும் சேர்த்து, வேலையாட்களை மேற்பார்க்க ஒரு மண்டோர் வேண்டும் என்று வந்தபோது என்னைப் போட்டார்கள். சட்டையில் குத்திக்கொள்ள எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றும், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடும் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குத் தனிக் குழாய் உண்டு. என் மனைவி பார்வதி அதற்கு முன் ஆறு வருஷம் வாளியோடு வரிசையில் நின்றவள். குடிவந்த முதல் நாள் அவள் அந்தக் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அப்போதிருந்த எங்கள் துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிராம் வேலைக்கு வருமுன் எங்கோ தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்தவர். அங்கே கற்றுக்கொண்ட தமிழைத்தான் கடைசி வரை பேசினார். அந்தத் தமிழில் ஆணும் பெண்ணும் ஆடும் மாடும் எல்லாம் ஒன்றுதான். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைப்பார், அவ்வளவுதான். தொப்பி மேஜைக்கு வந்துவிட்டால் ஆபீசில் ஈ பறக்காது. எந்தக் கொட்டகைக்குப் போனாலும் முதலில் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பெஞ்சில் ஒரு இழு இழுத்து, அதை விரித்துப் பார்ப்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கைக்குட்டைத் துரை. அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் போட்ட விதி ஒன்று உண்டு. வேறு எந்த ஊர் டிராமிலும் இருக்குமோ, தெரியாது. ஒரு கொட்டகையைக் கட்டியோ பழுது பார்த்தோ முடித்தால், வேலையை முடித்த மண்டோர் அதில் போய் உட்கார வேண்டும். காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளை. ஒவ்வொரு வேளையும் மூன்று வண்டி வந்து போகிற வரை எழுந்திருக்கக் கூடாது. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, சாரல் எங்கே அடிக்கிறது, ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு உட்காரும் ரிப்போர்ட் என்று பெயர். "நீ உட்கார்ந்தா கொட்டகை பேசும்" என்பார் துரை. எங்களுக்கு அது வேலையில்லாத வேலையாகத்தான் தெரிந்தது.

தாத்தோ கிராமாட் சாலையில் முன்பு இருந்தது தார் பூசிய கறுப்புக் கொட்டகை. பகலிலேயே உள்ளே இருட்டு. கள்ளுக் குடித்தவர்கள் படுத்துக் கிடப்பார்கள், மூலையில் நாற்றம். அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டியபோது துரை, "வெளிச்சமா போடு, கலர் உன் இஷ்டம்" என்று என்னிடம் விட்டார். மண்டோராகி நான் கட்டும் முதல் கொட்டகை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வீடுகளுக்குப் பொங்கலுக்குப் பூசுகிற மாதிரி பளிச்சென்று வெள்ளை அடித்து, தூண்களிலும் விளிம்புகளிலும் நீலப் பட்டை போட்டேன். நூல் பிடித்தாற்போல் நேர்ப் பட்டை. வாசலின் இரண்டு பக்கமும் உருண்டையான பால் வெள்ளைக் கண்ணாடி விளக்கு ஒவ்வொன்று தொங்கவிட்டேன். எட்ட நின்று பார்த்தேன். இந்தத் தஞ்சோங் பட்டணத்திலேயே இப்படி ஒரு கொட்டகை கிடையாது என்று தோன்றியது. அது உண்மைதான் என்பது பின்னால் தெரிந்தது.

வேலை முடிந்தபோது தைப்பூசம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் லைன் ஆட்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். புது மண்டோர் முன்னால் நிற்காவிட்டால் நன்றாக இருக்குமா? நான் உட்காரப் போகவில்லை. ஆபீசுக்குப் போய் ரிப்போர்ட்டில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: "மூன்று வேளையும் உட்கார்ந்தேன். கொட்டகை நன்று. பயணிகள் தாராளமாக உட்காருகிறார்கள்."

தை போயிற்று, மாசி போயிற்று. சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கொட்டகையில் இரண்டு மூன்று தமிழர்கள் இருப்பார்கள், ஒரு மலாய்க்காரர் இருப்பார். சீனர்கள் எல்லோரும் நாலடி தள்ளி அங்சானா மரத்தடியில் கூட்டமாக நிற்பார்கள். காற்றுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எதிர் வரிசை வீட்டுக் கதவுகளில் சின்னச் சின்னச் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. சீனப் பெருநாளுக்கு ஒட்டியது, இன்னும் கிழிக்கவில்லை போலிருக்கிறது என்று போய்விட்டேன். கண்ணிருந்தும் குருடன் என்பது சும்மா வந்த சொல் இல்லை.

சித்திரையில் மழை பிடித்தது. ஒரு சாயங்காலம், சரியான மழை. டிராம் ஓட்டி வந்தவர் மைதீன் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் மண் சுரண்டிய காலத்தில், மணி அடித்து என்னை விலகச் சொல்லும்போதுகூட "தம்பி, பாத்து" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுகிற மனிதர். வண்டி கொட்டகையை நெருங்கும்போது மரத்தடியில் இருந்த கூட்டம் மழைக்கு ஒடுங்கித் தெரு விளிம்பு வரை வந்து நின்றிருக்கிறது. அதில் ஒரு கர்ப்பிணிப் பெண் கால் வழுக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிட்டாள். மைதீன் அண்ணன் எல்லா பிரேக்கையும் ஒன்றாகப் போட்டார். வண்டி அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் வண்டிக்குள் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு பெரிய மனிதருக்கு உதடு கிழிந்தது. டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று அவர் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மைதீன் அண்ணனை வண்டியிலிருந்து இறக்கி, மூன்றாம் நாள் விசாரணை என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் கொட்டகைக்குப் போனேன். விழுந்த பெண்ணின் கணவன் எதிர் வரிசையில் காகித விளக்குக் கூண்டு செய்கிறவன், ஆ செங் என்று பெயர். என் வயதுதான் இருக்கும். மூங்கில் குச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்து பசை பூசிக்கொண்டிருந்தான். பெஞ்சு காலியாக இருக்க, பிள்ளைத்தாய்ச்சிப் பெண் எதற்கு மழையில் நிற்க வேண்டும் என்று கடைத்தெருவில் எல்லோரும் பேசுகிற பாசார் மலாயில் கேட்டேன். அவன் பசையைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டான்.

"மண்டோர், ஒண்ணு கேக்கலாமா? உங்க ஆபீஸ்ல யாரு செத்தாங்க?"

"யாரும் சாகலியே!"

"அப்புறம் ஏன்லா மூணு மாசமா சாவு வீடு கட்டி வெச்சிருக்கீங்க?"

வெள்ளையும் நீலமும் அவர்களுக்குத் துக்கத்தின் நிறம். வாசலில் இரண்டு பக்கமும் வெள்ளை விளக்குத் தொங்கினால் உள்ளே பிணம் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் சாவு விழுந்தால் தீட்டு அண்டாமலிருக்கக் கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டுவார்கள். கர்ப்பிணி சாவு வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது. இவ்வளவையும் ஆ செங் எனக்குப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். இலாகாவில் பெரிய துரை யாரோ இறந்துவிட்டார், அதற்காகக் கட்டியது, கேட்டால் மனம் புண்படும் என்று நினைத்து அந்தத் தெருவே வாயை மூடிக்கொண்டு மரத்தடியில் நின்றிருக்கிறது.

நான் அந்தப் பெஞ்சில் மூன்றே மூன்று வண்டிக்கு உட்கார்ந்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். விசாரணையில் மைதீன் அண்ணன் என்ன சொல்வார்? ஜனங்கள் தெருவில் நின்றார்கள் என்பார். துரை என் ரிப்போர்ட்டை எடுப்பார். பயணிகள் தாராளமாக உட்காருகிறார்கள் என்று அதில் என் கையெழுத்து இருக்கிறது. உண்மையைச் சொல்கிற அவர் பொய்யர் ஆகிவிடுவார், வேலையும் போய்விடும்.

பார்வதியிடம் சொன்னேன். சொன்னால் மண்டோர் வேலை போகும், இந்த வீடும் போகும் என்பதையும் சொன்னேன். அவள் குழாயடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துத் தண்ணீரை வடித்தாள்.

"எனக்கு வாளி தூக்கத் தெரியாதா? ஆறு வருஷம் தூக்குனவதானே" என்றாள். "மைதீன் அண்ணன் வீட்டுல அஞ்சு புள்ளைங்க. அவங்க வயித்துல அடிச்சிட்டு இந்தக் குழாய்த் தண்ணியக் குடிச்சா நமக்குச் செமிக்குமா? போய் உள்ளதச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, "அந்த வெள்ளை நல்லா இருக்குன்னு நானும்தான் சொன்னேன்" என்று சேர்த்தாள். அதுதான் என்னைத் தாங்கியது.

விசாரணைக்கு ஒரு முறை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே வந்ததும் சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றி, எண் கீழே இருக்கும்படி துரையின் மேஜையில் வைக்க வேண்டும். கிராணி புகாரைப் படிப்பார். விசாரணை முடிந்ததும் துரை அந்த வில்லையை எடுத்து நீட்டினால் வேலை உண்டு. மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டுவிட்டால் அப்படியே வெளியே போய்விட வேண்டியதுதான். அந்த இழுப்பறை திறக்கிற சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம்.

மைதீன் அண்ணன் வில்லையை வைத்தார். ரிப்போர்ட் எழுதியவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "துரை, ஜனங்க ரோட்டுல நின்னாங்க. எப்பவும் அங்கதான் நிக்கிறாங்க" என்றார்.

துரை என் ரிப்போர்ட்டை விரலால் தட்டினார். "இந்தப் பேப்பர்ல உட்காருதுன்னு இருக்கு. நீ நிக்குதுன்னு சொல்லுது. எது பொய்?"

மைதீன் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாரா, சொல்ல மாட்டேன் என்று நினைத்தாரா, தெரியாது. நான் ஓரடி முன்னால் வந்தேன். எப்படியோ பேசிவிட்டேன். நான் உட்காரவில்லை என்றேன். தைப்பூசத்துக்குப் போனதைச் சொன்னேன். வெள்ளை, நீலம், விளக்கு, சிவப்புக் காகிதம், கர்ப்பிணி எல்லாவற்றையும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், கடைசியில் சட்டியோடு கவிழ்த்துக் காட்டிவிட்டேன்.

துரை தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

கிராணியின் பேனா நின்றுவிட்டது. துரை முதலில் மைதீன் அண்ணனின் வில்லையை எடுத்து, கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்து, அவரிடம் நீட்டினார். அப்பாடா என்று எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. நிஜமாகச் சொல்கிறேன், என் தலைக்கு என்ன வரும் என்பது அந்த ஒரு நிமிஷம் நினைவிலேயே இல்லை. பிறகு துரை என் சட்டையைக் காட்டினார். நான் என் வில்லையைக் கழற்றி வைத்தேன். மேஜை இழுப்பறை திறக்கவில்லை. வில்லையை அவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்படி ஒன்றை நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ரெண்டு மாசம்" என்றார். "கொட்டகையச் சரி பண்ணு. அப்புறம் மழை பெய்யிற நாள் பாத்து நான் வரும். ஒரு ஆள் வெளிய நனைஞ்சிச்சு, கொட்டகை இல்லே. நீ மறுபடி மண் சுரண்டும்."

"துரை, என்ன கலர் போடட்டும்? ஒரு ஆர்டர் எழுதிக் குடுத்தா..."

"ஆர்டர் குடுக்காது. உன் கலர் நீ போட்டிச்சு, தப்பு வந்துச்சு. என் கலர் நான் சொன்னா வேற தப்பு வரும். உட்கார்ற ஆள் யாரு? அவன்கிட்டக் கேளு. ரெண்டு மாசம் அந்த ரோட்டுப் பக்கம் என் கண்ணு போகாது."

ஆக, போன வாரம் வந்த கிராணி தம்பி கேட்ட ஆர்டர் இதுதான். கொட்டகைக்குள் எதையும் ஒட்டவோ தொங்கவிடவோ கிறுக்கவோ கூடாது என்பது அச்சடித்த விதி. அதைப் பார்க்காமல் இருக்கிறேன் என்று துரை வாயால் சொன்னது மட்டும்தான் அனுமதி. அதைப் பைலில் எப்படி வைப்பது?

வெளியே வந்ததும் மைதீன் அண்ணனிடம் போனேன். "அண்ணே" என்றேன். அவர் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார். மூன்று நாள் அவரைப் பொய்யராக நிற்க வைத்தவன் நான். அது நியாயம்தான். ஆனால் நியாயமாக இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

கேள் என்றால் கேட்பது லேசான வேலையா? அங்சானா மரத்தடியில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முதலில் விளக்கை இறக்கு என்றான் ஆ செங். எல்லாவற்றுக்கும் சிவப்பு அடி என்றார் ஒரு சீனக் கிழவர். மஞ்சள் அடிக்கலாமே என்றேன். மரவேலை செய்கிற பாக் மாட் கையை ஆட்டினார். "மஞ்சள் சுல்தான் கலர்லா. அதுல உக்காந்து நாங்க வெத்தலை போட முடியுமா?" பக்கத்துக் கம்போங் குடியிருப்பின் மலாய்ப் பெண்களுக்குத் தெருவைப் பார்த்து உட்காருவது கூச்சம், முதுகைக் காட்டி உட்காருகிற மாதிரி பெஞ்சு வேண்டும் என்றார்கள். வண்ணார் வீட்டுப் பெண்களுக்குத் துணி மூட்டை வைக்க ஒரு பலகை வேண்டும். நிறத்தைப் பற்றி மட்டும் நான் கேட்டேன். அவர்களோ, உட்காருவதைப் பற்றிச் சொன்னார்கள்.

வெள்ளையைச் சுரண்டி எடுத்தேன். சுரண்டுவது எனக்குப் பழகிய வேலைதானே. மரத்துக்கு எண்ணெய் மட்டும் பூசினேன். தூண்களுக்குச் சிவப்பு. பாக் மாட் தன் வேலை முடிந்த நேரங்களில் வந்து கூரை ஓரத்துக்குப் பூவேலைச் சட்டம் அறுத்துக் கொடுத்தார். அதற்குப் பச்சை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைப் பெஞ்சு வந்தது, மூட்டைப் பலகையும் வந்தது. ஆ செங் கண்ணாடி விளக்குகளுக்குச் சிவப்புக் கூண்டு செய்து மாட்டினான். அதில் பழம், மீன், வௌவால் எல்லாம் தங்க நிறத்தில் வரைந்தான். வௌவால் எதற்கு என்றேன். "அதிர்ஷ்டம்லா. நீ பேசாம இரு. நீ போட்ட கலர் போதும்" என்றான்.

பின்சுவர் ஒன்றில் மட்டும் கடைசி வரை ஒத்துவரவில்லை. சண்டை முற்றியதால், முடிவாகிற வரை இருக்கட்டும் என்று பள்ளிக்கூடப் பலகைக்கு அடிக்கிற கறுப்பை அடித்து வைத்தேன். ஆ செங் முகம் சுளித்தான். பிறகு ஒரு சாக்குக்கட்டியை எடுத்துவந்து ஒரு கோடு போட்டான். "வெறும் கறுப்பும் சாவுக் கலர்லா. எழுதுனா பள்ளிக்கூடம், அது ஆகும்" என்றான். அடுத்து டிராமுக்கு வந்த வண்ணார் ஒருவர் அந்தக் கோட்டோடு இன்னொரு கோட்டைச் சேர்த்தார். அதிலிருந்து அது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. டிராமுக்கு நிற்கிறவர் ஆளுக்கு ஒரே ஒரு கோடுதான் போடலாம். காலையில் மீனாக இருப்பது மத்தியானம் கப்பல் ஆகும், சாயங்காலம் கப்பலில் ஒரு சேவல் நிற்கும். மறுநாள் காலை நான் துடைப்பேன். ஜனங்கள் என்னைத் திட்டுவார்கள்.

இவ்வளவு செய்தும் சீனப் பெண்கள் உள்ளே வரவில்லை. ஆண்கள் வந்து கோடு போட்டார்கள், நின்றார்கள். உட்காரவில்லை. மூன்று மாசம் சாவு வீடாக இருந்த இடம், முதலில் உட்காருகிறவர் தலையில் என்ன விழுமோ என்ற பயம். வற்புறுத்த எனக்கு வாயில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. பார்வதி ஒரு நாள் பழைய வாளியைத் தேடி எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

விபத்து நடந்த இரண்டாம் வாரமே ஆ செங்கின் மனைவிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. ஆண் பிள்ளை, தாயும் சேயும் நலம். கேட்ட அன்று நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். ஒரு மாசம் நிறைகிற வரை அவர்கள் பிரசவித்த பெண்ணை வெளியே விட மாட்டார்கள். நிறைந்த அன்று சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டைகளை ஊருக்கெல்லாம் கொடுப்பார்கள். அன்று காலை நான் கறுப்புச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. ஆ செங்கின் மனைவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஆ செங், கையில் முட்டைக் கூடை. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் விளக்கைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். பிறகு நேரே வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இவன் பிறக்கறதுக்கு முந்தியே டிராம் நின்னு வழி விட்ட பையன்" என்றாள். "இவனுக்கு இங்க ஒண்ணும் ஆகாது."

ஆ செங் முதல் முட்டையை என் கையில் வைத்தான். அப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? மரத்தடி காலியாகிவிட்டது. கிழவிகள் முட்டையை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடித்துக்கொண்டார்கள். நான் பின்பக்கம் போய் அந்த முட்டையை உரித்துத் தின்றேன். ஒன்றரை மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் எழுந்து போயிற்று.

துரை சொன்னபடி மழை நாள் ஒன்றில் வந்தார். சாயங்காலம், வேலை விடுகிற நேரம். கொட்டகையில் எள் விழ இடமில்லை. ஒருவர் தமிழ்ப் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார், அர்த்தம் புரியாத மலாய்க்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துரை கைக்குட்டையைக் கையில் எடுத்துவிட்டார், ஆனால் துடைக்கப் பெஞ்சு கண்ணில் பட வேண்டுமே! அன்றைக்குப் பார்த்துக் கறுப்புச் சுவரில் தேங்காயாக ஆரம்பித்த படம் தொப்பியாகி, தொப்பிக்குக் கீழே நீள மூக்கோடு ஒரு முகம் முளைத்து, யாரோ ஒரு புண்ணியவான் கையில் கைக்குட்டையும் கொடுத்திருந்தார். நான் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன்.

"நகரு" என்றார் துரை வாசலிலிருந்தே. நகர்ந்தேன். நெடுநேரம் பார்த்தார். "மூக்கு சரி. தொப்பி சரியில்லே" என்றார்.

உள்ளே இடம் இல்லாததால் வாசலுக்கு வெளியே போய் மழையில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். விதிப்படி மூன்று வண்டி. முதல் வண்டி வந்தது, பத்துப் பேர் ஏறினார்கள், பதினைந்து பேர் இறங்கி மழைக்கு உள்ளே புகுந்தார்கள். இரண்டாவது வண்டியும் அப்படியே. துரையின் தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டியது. மரத்தடியைப் பார்த்தார், ஒருவர் இல்லை. தெரு விளிம்பைப் பார்த்தார், ஒருவர் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாணிக்கம், நான் என்ன சொல்லிச்சு? ஒரு ஆள் வெளிய நனைஞ்சா கொட்டகை இல்லே."

"ஆமாம் துரை."

"ஒரு ஆள் நனையுது" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று மழையில் தெரியவில்லை. நெஞ்சைத் தொட்ட கை அப்படியே சட்டைப் பைக்குள் போயிற்று. என் வில்லையை எடுத்து, நனைந்த கைக்குட்டையால் துடைத்து, எண் மேலே தெரிய என் உள்ளங்கையில் வைத்தார்.

மூன்றாவது வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மைதீன் அண்ணன். இரண்டு மாசமாக அந்த வழியில் என்னைக் கடக்கும்போதெல்லாம் நேரே தண்டவாளத்தையே பார்த்துப் போனவர். என் கையில் இருந்த வில்லையைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நிற்கிற துரையைப் பார்த்தார். உள்ளே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து முறுக்குத் தின்கிற கூட்டத்தையும் பார்த்தார். மணியை ஒரு தடவை அடித்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இன்னொரு பெஞ்சு போடு. துரை நனையிறாரு பாரு."

"நாளைக்கே போடறேன், அண்ணே" என்றேன்.